தையலுக்கு விட்ட அரை அங்குலம்

வாசற்படிக்கும் கேட்டுக்கும் நடுவே இருபத்திரண்டு அடி. அந்த இருபத்திரண்டு அடியை டீச்சர் நான்கு மாதமாக நடந்து தாண்டவில்லை. அங்கே பரப்பியிருந்த சரளைக்கல்லில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று, எலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டரும் சொல்லியாயிற்று. ஆனால் டீச்சர் கடைசிப் படிவரை வருவார், கல்லைப் பார்ப்பார், உள்ளே திரும்பிவிடுவார். பள்ளிக்கூட விடுப்பு முடிய இன்னும் ஐந்து வாரம். "வேலையை விட்டுடறேங்க" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

அவர் கணவர் தையற்காரர்; வாய் குறைவு, கை அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சரளையை முழுக்க அள்ளிக் கொட்டிவிட்டு, நர்சரிக்குப் போனார்.

"விழுந்தாலும் வலிக்காத மாதிரி செடி ஏதாவது இருக்காம்மா?"

நர்சரிக்காரம்மா சிரிக்கவில்லை. "பொடுதலை போடுங்கண்ணே. தரையோட தரையாப் படரும், மிதிச்சாலும் தாங்கும்" என்று பாய்போல் வளர்ந்திருந்த துண்டுகளைக் காட்டினார். "துண்டுக்குத் துண்டு ஒரு சாண் இடம் விடுங்க. அதுவே ஓடிப் பிடிச்சுக்கும்."

முப்பது வருஷம் துணி தைத்த கை கேட்குமா? இரண்டு துண்டு சேருமிடத்தில் ஒரு சாண் இடைவெளி என்றால் அவர் கணக்கில் அது கிழிசல். தையலுக்கு அரை அங்குலமாவது ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டாமா? இன்னும் ஒரு மடங்கு துண்டுகள் வாங்கி, விளிம்பின்மேல் விளிம்பு ஏற்றி, மடிப்பு நீவுவதுபோல் நீவி விரித்தார். பச்சைக் கம்பளம் மாதிரிதான் இருந்தது, பத்து நாளைக்கு.

பிறகு இணைப்புக்கு இணைப்பு பழுப்புக் கோடு விழுந்தது. அடியில் சிக்கியது அழுகிவிட்டது. மேலே ஏறியதற்கு மண் எட்டவில்லை.

டீச்சர் ஜன்னலில் நின்று பார்த்தார். "என்னங்க இது? வாசலுக்குக் கட்டம் போட்ட சட்டை தைச்சிருக்கீங்களா?"

நான்கு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு கேலி. ஆனால் தையற்காரர் அதற்குச் சிரிக்க நிற்காமல் நர்சரிக்கு ஓடினார்.

நர்சரிக்காரம்மா வந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, செடியைப் போய் தைப்பாங்களா? மேல ஏறினதையெல்லாம் வெட்டி எடுங்க. நல்ல கணுவா நறுக்கி இடைவெளியில ஊனுங்க. இருபது நாள்ல மூடிடும்."

மறுநாள் காலை முழங்காலிட்டு உட்கார்ந்தார். அரிவாள் தோதுப்படவில்லை. எழுந்து போய்த் தன் பெரிய கத்தரிக்கோலை எடுத்துவந்தார். வீட்டில் வேறு யாரும் தொடக்கூடாத கத்தரி அது. ஒருமுறை டீச்சர் அதைக்கொண்டு பால் பாக்கெட்டை வெட்டிவிட்டு, மூன்று நாள் அவர் பேச்சுக்காகக் காத்திருந்ததுண்டு.

சத்தம் கேட்டு டீச்சர் வாசலுக்கு வந்தார். "ஐயையோ, அதையா? மண்ணுல போட்டா மழுங்கிடுங்க!"

"மழுங்கட்டும்."

"அப்புறம் கடையில என்ன பண்ணுவீங்க?"

"வேற வாங்கிக்கலாம்." நிமிராமல் சொன்னார். "நீ நடக்கணும்."

அவர் இன்னொரு விளிம்பை வெட்டினார். முதுகுக்குப் பின்னால் செருப்பைக் கழற்றும் சத்தம். பிறகு அவர் தோளில் ஒரு கை வந்து அழுந்தியது.

எழப்போனார்.

"எழுந்திரிக்காதீங்க. பிடிச்சுக்க இந்த உயரம்தான் சரியா இருக்கு."

சரி என்று முழங்காலாலேயே முன்னால் நகர்ந்தார். ஓர் அடிக்கு ஓர் அடி. பக்கத்தில் வெறுங்கால் இரண்டு, பச்சையில் பதிந்து பதிந்து எழுந்தன.

"ஜில்லுனு இருக்குங்க" என்றார் டீச்சர், வேறு யாரிடமோ சொல்வதுபோல.

பாதி தூரத்தில் கை தோளை இறுக்கியது. "நில்லுங்க. மூச்சு வாங்குது."

"உனக்கா?" பதறித் திரும்பினார்.

"எனக்கில்ல, உங்களுக்கு" என்றார் டீச்சர். "ஆற அமர வாங்க. கேட்டு எங்கேயும் ஓடிப்போகாது."