மடங்காத இரண்டு விரல்கள்

வெந்தெலீனின் இடது கையில் கடைசி இரண்டு விரல்களும் மடங்காது என்று பட்டாளத்து மருத்துவர் சான்று கொடுத்திருந்தார். சுத்தப் பொய். ஊசியால் குத்திப் பார்த்தபோதும் விரல்களை நீட்டியபடியே அசையாமல் இருந்திருக்கிறான் அந்தக் கல்லுளிமங்கன். பிறகு எப்படி வயலின் வாசிக்கிறாய் என்று கேட்டதற்கு, "ரெண்டாம் வயலினுக்கு ரெண்டு விரல் போதும் டாக்டர்" என்றானாம். அந்தச் சான்றால் பட்டாளத்தில் சேராமல் தப்பினான். அது 1915. கலீசியப் போர்முனைக்குப் போன எங்கள் பிராக் ஆண்களில் திரும்பி வந்தவர்கள் குறைவு.

எங்கள் நால்வர் குழுவில் அவன் இரண்டாம் வயலின், நான் செல்லோ. முதல் வயலின் ஹினெக், ஒரு கொடுங்கோலன். தாள் பார்த்து வாசிக்க விடமாட்டான். நான்கு பேரின் பாகமும் நான்கு பேருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். ஒத்திகையில் திடீரென்று வில்லைத் தூக்கி வாசிப்பை நிறுத்திவிடுவான். பக்கத்தில் இருப்பவன் அந்தக் கணமே அவன் பாகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தடுமாறியவன்தான் அன்று எல்லோருக்கும் பீர் வாங்கித் தர வேண்டும்.

கச்சேரியன்று வயோலா வாசிக்கும் ஒத்மர் திரைச்சந்தில் எட்டிப் பார்த்துவிட்டு வெளிறிப்போய் வந்தான். "அந்த டாக்டர் முன் வரிசையில உக்காந்திருக்கான்."

"கச்சேரிய நிறுத்திடலாம்" என்றேன்.

"நிறுத்தினா நாமளே காட்டிக்கொடுத்த மாதிரி" என்றான் ஹினெக். "ரெண்டு விரல்லயே சமாளி, வெந்தெலீன். உன் பாகத்த எவன் கேக்கப்போறான்?"

"வழக்கமா நீ சொல்றதுதானே" என்றான் வெந்தெலீன்.

சமாளித்தான். முதல் மூன்று பகுதிகளிலும் அந்த இரண்டு விரல்களும் குச்சிபோல் நீட்டியே இருந்தன. மருத்துவர் இசையைக் கேட்கவே இல்லை, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு பகுதிதான் பாக்கி.

அதன் நடுவில், ஹினெக் உச்சத்துக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, அவனது மேல் தந்தி அறுந்தது.

விட்டுவிடு, நின்றுபோகட்டும் என்று கண்ணால் கெஞ்சினேன். வெந்தெலீன் என்னைப் பார்க்கவில்லை. ஹினெக் விட்ட சுரத்திலிருந்து அவன் நான்கு விரல்களும் மேலே ஓடின. பாவி, ஹினெக்கைவிட நன்றாக வாசித்தான். அரங்கமே எழுந்து கைதட்டியது. மருத்துவரும் தட்டினார்.

பிறகு அவர் உள்ளே வந்து வெந்தெலீனின் இடது கையைப் பிடித்துக் குலுக்கினார். "ரெண்டு விரலும் குணமாயிடுச்சே, சந்தோஷம். திங்கக்கிழமை பட்டாள முகாமுக்கு வந்துடுங்க."

அவர் போனதும் ஹினெக் வெடித்தான். "என் தந்திதானடா அறுந்துச்சு? கச்சேரி நாசமாப் போகட்டும்னு விடவேண்டியதுதானே? உன் உசுருடா அது."

வெந்தெலீன் வயலினைப் பெட்டியில் வைத்து மூடினான். "விரல் ஞாபகமே வரல, ஹினெக். நீ நின்னுட்ட."

அப்படிப் பழக்கியவன் ஹினெக்தானே. அறுந்த தந்தியைக் கையில் சுற்றியபடி அவன் அழுதான்.