வேலியைத் தாண்டிய கடல்

தீவுக் கரையில் டோங்காவின் மீன்பிடிப் படகு பதினான்கு மாதமாகக் கவிழ்ந்து கிடந்தது. அதைக் கடலில் இறக்கும் சரிவை விடுதிக்காரன் வின்கோ கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டான். சரிவு தன் அப்பாவின் சொத்து என்று டோங்கா வழக்குப் போட்டாள். அவனிடம் பத்திரம் இருந்தது. அவளிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

“அத்தை, அரசாங்கத்தையும் வழக்குல சேர்ப்போம்,” என்றாள் வக்கீல் நிவெஸ். “கடற்கரை யாருக்கும் சொந்தமில்ல, பொதுன்னு சட்டம் இருக்கு. அதை அரசாங்கமே வந்து சொல்லட்டும்.”

“அப்போ எனக்கும் இல்லையா?”

“உங்களுக்கும் இல்ல. ஆனா படகு இறங்கும்.”

தீவை ஆண்ட தலைநகரங்கள் வியன்னா, ரோம், பெல்கிரேடு, இப்போது சாக்ரெப். எங்கிருந்து ஆண்டாலும், அதிகாரி வந்தால் வரிக்குப் பயந்து எண்ணெய் ஜாடியை ஒளித்து வைப்பதே தீவின் வழக்கம். அரசாங்கத்தைத் தானே கூப்பிட்டவர் அதுவரை யாருமில்லை.

“வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிறியே அக்கா!” என்று மீன் சந்தையில் ஃபிரானே சிரித்தான்.

“என் மடி, என் ஓணான். நீ உன் மத்தியை ஈ மொய்க்காமப் பாரு.”

‘என் அப்பாவின் சொத்து’ என்ற வரியை நிவெஸ் மனுவிலிருந்து அடித்துவிட்டபோது டோங்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு கையெழுத்திட்டாள். வின்கோவின் வக்கீல் ஆட்சேபித்தும், நீதிபதி திருத்தத்தை அனுமதித்தார்.

அடுத்த வாய்தாவுக்கு அரசு வக்கீல் வந்தார். டோங்காவை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. கையில் தடித்த கோப்பு இருந்தது.

குளிர்காலப் பெரிய அலை எட்டும் இடம்வரை பொதுக் கரை என்பது சட்டம். அலை எதுவரை வரும் என்று நீதிபதி கேட்டார்.

“சரிவுல பாதிகூட ஏறாதுங்க,” என்றான் வின்கோ.

அரசு வக்கீல் ஒரு தாளை உருவினார். “இது உங்க கையெழுத்துதானே?”

அது வின்கோ அரசுக்கு எழுதிய மனு. அவர் வாசித்தார்: “‘சென்ற ஜனவரித் தென்காற்றில் கடல் என் வேலியைத் தாண்டி, விடுதிப் படிவரை வந்தது. அரசு அலைத்தடுப்புச் சுவர் கட்டித் தரவேண்டும்.’”

நிவெஸ் மேசைக்கு அடியில் டோங்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சரிவு பொதுக் கரைதான் என்று தீர்ப்பு வந்த மாதமே வேலிக் கம்பங்களைப் பிடுங்கினார்கள். டோங்கா படகை நிமிர்த்திப் புதிதாகத் தார் பூசினாள். தள்ளிவிட ஃபிரானே வந்தான். அவன் பின்னால் பாதிச் சந்தை வந்தது.

“கடைசியில இந்த இடம் யாரோடது அக்கா?”

“யாரோடதும் இல்ல. தள்ளுடா!”

படகு சரிவில் இறங்கித் தண்ணீரை அறைந்தது. வின்கோவின் விருந்தாளிகளும் கைதட்டினார்கள்.