பதினேழாவது கேள்வி யாருடையது

1

ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. இரண்டு பத்தி போதும். அதை எழுதப் பிடிக்காமல் தள்ளிப்போட்டுக்கொண்டு, கை சும்மா இருக்க மாட்டாமல் தொடங்கியதுதான் இந்தக் கதை. இதைவிடக் கௌரவமான ஒரு பிறப்பைச் சொல்லலாம்தான். நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கடிதம் எழுத வேண்டியவள் ஜெயந்தினி. கண்டியில் விரிவுரையாளர். தேயிலைத் தோட்டத்துப் பெண் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்து கலாநிதிப் பட்டம் வாங்கியவள். (அவள் நான்தான். ஆனால் ‘நான்’ என்று எழுதினால் மூன்றாவது வாக்கியத்திலேயே எனக்கு நானே வக்கீலாகிவிடுகிறேன். இரண்டு முறை முயன்று பார்த்தாயிற்று. அதனால் அவளைப் படர்க்கையில் நிறுத்துகிறேன். அங்கேயே நிற்கட்டும்.)

2

முதல் தொடக்கம்: “பனி விலகாத வட்டவளை மலைகளில் கூடை சுமந்த பெண்கள்…”

அடித்துவிட்டேன். ஜெயந்தினி கடைசியாகத் தோட்டத்தில் ஒரு விடியற்காலை நின்று ஆறு வருடமாகிறது. பனியைப் பற்றிப் பேச அவளுக்கு என்ன யோக்கியதை?

இரண்டாவது: “பூரணியும் ஜெயந்தினியும் ஹட்டனில் ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த…”

இதுவும் வேண்டாம். சிநேகிதத்தில் தொடங்கினால் நீங்கள் இளகிவிடுவீர்கள்.

மூன்றாவது: ஜெயந்தினிக்குப் பூரணி மேல் பொறாமை.

இது இருக்கட்டும்.

3

பூரணி வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அங்குள்ள மாதர் சங்கத்துக்குத் தலைவி. ஆறு வருடத்துக்கு முன் ஜெயந்தினி பதினாறு கேள்விகளோடு ஆய்வுக்கு வந்தபோது, படிவங்களைத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, லயம் லயமாகக் கொண்டுபோனவள் அவள்தான். முதல் நாள் பதினாறு கேள்விக்கும் “ஆமாங்க”, “இல்லீங்க”, “அப்படித்தாங்க” என்றே பதில் வந்தது. மறுநாள் பூரணி படிவத்தின் அடியில் பேனாவால் ஒன்றைச் சேர்த்தாள்.

“17. மலைக்குப் போற அன்னைக்கு எத்தன மணியோட தண்ணி குடிக்கிறத நிப்பாட்டுவீங்க?”

பெண்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு மனோரஞ்சிதம் என்ற நடுவயதுக்காரி வாயைத் திறந்தாள்.

“நாலரைக்கு ஒரு தேத்தண்ணிங்க. அதுக்கப்பறம் நாக்க நனைக்கிறதோட சரி. மலையில ஒதுங்க எடம் எங்க இருக்கு? கீழ கங்காணி நிப்பாரு, மேல ரோட்டு.”

அதற்குப் பிறகு ஆளாளுக்குப் பேசினார்கள். நீர்க்கடுப்பு, அதனால் வந்த காய்ச்சல், மாதவிலக்கு நாட்களில் பொய்க்காரணம் சொல்லி வீட்டில் இருந்தது. ஜெயந்தினி கைவலிக்க எழுதினாள்.

நான்காம் அத்தியாயம் முழுக்க அந்தப் பதில்கள்தான். கொழும்பில் ஒரு மாநாட்டில் அதை வாசித்தபோது கை தட்டினார்கள். “அந்தக் கேள்வி எப்படித் தோன்றியது?” என்று வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பேராசிரியை கேட்டார். “களத்தில்,” என்றாள் ஜெயந்தினி. பொய் என்று சொல்ல முடியாது. நன்றியுரையிலும் பூரணிக்கு ஓர் இடம் உண்டு, போட்டோகொப்பிக் கடைக்காரருக்கு அடுத்தபடியாக.

(அடிக்குறிப்பு: ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அந்தப் படிவத்தின் படம் இருக்கிறது. பதினாறு கேள்விகள் அச்சில், பதினேழாவது கையெழுத்தில். பரீட்சகர்கள் மூன்று பேர். அது யாருடைய கை என்று ஒருவரும் கேட்கவில்லை.)

4

இந்த மார்ச் மாதம் பூரணி அந்த நான்காம் அத்தியாயத்திலிருந்து ஒரே ஒரு பக்கத்தை எடுத்து நோட்டீசாக அடித்தாள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் அதை உரக்க வாசித்தாள். அறுபத்துநான்கு பெண்கள் மலை ஏற மாட்டோம் என்று அங்கேயே நின்றார்கள். மறுநாளும் நின்றார்கள். மூன்றாம் நாள் தோட்டத்தை நடத்தும் துரை இறங்கி வந்தார். மேல்மலையில் ஒரு தகரக் கொட்டகை, இரண்டு கக்கூஸ், ஒரு தண்ணீர்ப் பீப்பாய்.

ஜெயந்தினி படத்தை ஃபோனில் பார்த்தாள். கொட்டகை வாசலில் பூரணி. பக்கத்தில் மனோரஞ்சிதம் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றாள். ஜெயந்தினிக்கு வயிறு எரிந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியவளை நூலகத்தில் இரண்டு பேர் படித்திருக்கிறார்கள், அதில் ஒருத்தி அவளே. ஒரு பக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போனவள் கொட்டகை கட்டவைத்துவிட்டாள். நோட்டீசைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஆய்வாளர் பெயர் எங்கும் இல்லை. “நம்ம பொம்பளைங்க சொன்னது” என்று மட்டும் இருந்தது.

பெண்ணிய ஆய்வும் போராட்டமும் கைகோக்க வேண்டும் என்று வருடா வருடம் மாணவிகளுக்குச் சொல்பவள்தான் அவள். கோத்துவிட்டன. கோத்த கை தன்னுடையதாக இல்லை, அதுதான் பொறுக்கவில்லை.

“என் உழைப்பைத் திருடிட்டா,” என்று புருஷனிடம் சொன்னாள். சொல்லும்போதே அந்தப் பதினேழாவது கேள்வி அவளுக்கு…

(இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை. முடித்தால் அவள் திருந்திவிட்டாள் என்று ஆகிவிடும். திருந்தவில்லை.)

5

இரண்டு மாதத்தில் பூரணியை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பொய் நோட்டீஸ் கொடுத்துப் பெண்களைத் தூண்டிவிட்டாளாம். செய்தி கேட்டதும் ஜெயந்தினிக்கு முதலில் வந்தது ஒரு சின்னச் சந்தோஷம். எழுதக் கூசுகிறது. ஆனால் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூரணி ஃபோன் பண்ணினாள்.

“அடுத்த வாரம் வெள்ளிக்கிழம ஹட்டன்ல கம்பனி ஆபீசுல விசாரணைடி. பொம்பளைங்க அவங்களா ஒண்ணும் சொல்லலையாம். நான்தான் அந்தக் கேள்வியப் போட்டு கெளப்பிவிட்டேங்கிறாங்க. படிச்சவ ஆராய்ச்சிக்குக் கேட்டதுன்னா வாய மூடிக்குவாங்க. கேள்வி ஒன்னோடதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடு.”

“அது ஒன்னோட கேள்வியாச்சே, பூரணி.”

“எனக்குத் தெரியாதா? ஒம் புத்தகத்துல கடைசியில என் கையெழுத்து கெடக்கே.”

“எப்பப் பாத்த?”

“நீ கொண்டாந்து குடுத்த அன்னைக்கே.”

“நாலு வருசமா ஏன் ஒண்ணும் கேக்கல?”

“கேட்டு என்ன செய்ய? கேள்விய நீயே வச்சுக்கடி. இப்ப வேல போனா இருக்கிற லயத்துக் காம்பராவையும் விடச் சொல்லுவாங்க. புள்ளைங்கள எங்க கூட்டிக்கிட்டுப் போவேன்?”

ஃபோனை வைத்தபின் பொறாமை குறைந்திருக்க வேண்டும். கூடியது. ஜெயந்தினி நாலு வருடம் ஒளித்துவைத்ததை அவள் அதே நாலு வருடமும் தெரிந்தே வைத்திருந்தாள். இப்போது எடுத்துக்கோ என்று கையில் போடுகிறாள். அவ்வளவு பெரிய மனசு அவளுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

(பூரணியை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. அவள் முன்கோபக்காரி. கூட்டத்தில் மற்றவர்களைப் பேசவிடமாட்டாள். எட்டாம் வகுப்பில் என் ஜடையைப் பிடித்து இழுத்தவள். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், அது பெரிய மனசு என்றும் நிச்சயமில்லை. இருக்கிற காம்பரா போகப் போகிறவளுக்குக் கேள்வியைச் சொந்தம் கொண்டாட நேரமில்லை, அவ்வளவுதானோ என்னவோ.)

6

முடிவு ஒன்று. “அந்தக் கேள்வி என்னுடையது” என்று கடிதம் போகிறது. பூரணிக்கு வேலை திரும்பக் கிடைக்கிறது. ஜெயந்தினியின் பொய்க்குக் கையெழுத்தும் முத்திரையும் கிடைக்கின்றன. யாராவது பின்னிணைப்பைப் புரட்டினால் இரண்டு பேரும் மாட்டுவார்கள்.

முடிவு இரண்டு. “அந்தக் கேள்வி பூரணியுடையது. இந்த ஆய்வில் அவரும் ஆய்வாளர்.” ஜெயந்தினிக்கு மனசு லேசாகிறது. தூண்டிவிட்டது யார் என்று எழுத்திலேயே வந்துவிட்டதே என்று கம்பனிக்காரர்கள் கடிதத்தை ஃபைலில் வைத்துக்கொள்கிறார்கள். இப்படி ஓர் உண்மையைச் சொல்ல ஜெயந்தினிக்கு ஆசையாகக்கூட இருக்கிறது. அந்த ஆசையை நான் நம்பவில்லை.

முடிவு மூன்று. கடிதம் போகவே இல்லை. (பதினொரு நாளாக இதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.)

7

இன்று வியாழன். நாளை காலை எட்டு மணிக்குள் கடிதம் பூரணியின் ஃபோனுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு பத்தி தட்டச்சு செய்திருக்கிறேன்:

“இப்பதில்களைப் பெண்கள் எவருடைய வற்புறுத்தலுமின்றித் தாமாகவே கூறினர். அவர்களிடம் அக்கேள்வியைக் கேட்டவர் ____________ ஆவார்.”

கோடு போட்ட இடத்தை ஜெயந்தினியிடம் விட முடியாது. அவள் எந்தப் பெயரை எழுதினாலும் அதில் பொறாமை கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். உங்களுக்கு இவர்கள் இரண்டு பேரும் யாரோ. நீங்கள் எழுதுங்கள்.

எழுதுமுன் ஒன்று மட்டும். வட்டவளையிலிருந்து ஹட்டனுக்கு பஸ்ஸில் அரை மணிதான். ஆனால் விசாரணை எவ்வளவு நேரம் இழுக்கும் என்று தெரியாது. நாளை காலை பூரணி நாலரைக்கு ஒரு தேத்தண்ணி குடிப்பாள். அதற்கப்புறம் நாக்கை நனைப்பதோடு சரி.