ஆறு நீலச் சட்டங்கள்

பரான்கோ காட்சிக்கூடத்தில் திறப்பு விழா ஆறு மணிக்கு. நாலு மணிக்கு, காட்சி வைக்கும் கலைஞர் டான் ஃபெர்மின் என் பலகையில் தப்பு கண்டுபிடித்தார்.

என் பலகை என்றுதான் சொல்வேன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வாரி அரசு காலத்துத் துணியின் படிக்கட்டுக் கோலத்தை ஓடவைக்க வேண்டும் என்ற ஆசை அவருடையது. ஓடவைத்தது நான். கம்பளி நூல் சுற்றிய மரச்சட்டங்கள், ஆறு நெடுவரிசை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, கறுப்பு என்று அதே நாலு நிறம் திரும்பத் திரும்ப வரும். மோட்டார் ஒரு உதறலில் நாலு சட்டம் மேலே தள்ளும். வரிசைக்கு ஒரு சட்டம் மட்டும் நீலம்.

"இந்த நீலம் எங்கேருந்து வந்துச்சு? எண்ணத் தெரியாதா குழந்தே உனக்கு?"

"தெரிஞ்சுதான் வச்சேன். எங்க ஊர்ல போர்வை நெய்யுறவங்க ஒரு இடத்துலயாவது நிறத்தை மாத்திடுவாங்க. இல்லன்னா கண்ணு தூங்கிடும்பாங்க."

"இது போர்வை இல்லம்மா, கலை. கழட்டு."

நீலம் போய்விட்டால் நாலு நிறமும் நாலு இடம் தள்ளி, அதே நாலு நிறம் இருந்த இடத்தில் போய் உட்காரும். ஓடினாலும் ஓடாதது போலிருக்கும். ஒரே வாக்கியம், சொல்லியிருக்கலாம். ஆனால் அப்போதுதான் சுவரில் பெயர்ச்சீட்டை ஒட்டினார்கள். உன் பெயரும் வரும் என்று சொல்லியே எட்டு மாதம் வேலை வாங்கியவர், தன் பெயரை மட்டும் போட்டிருந்தார். 'சரியான' நிறங்களை மாட்டிவிட்டு, நீலங்களைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்பாவை வரச் சொல்லியிருந்தது அந்தக் கோபத்தில் நினைவில் இல்லை.

ஆறு மணிக்குப் பலகை உதறியது. அதே படம். மறுபடி உதறியது. அதே படம்.

"குளிர்காய்ச்சலா அதுக்கு?" என்றார் ஒருவர். சிரித்தார்கள்.

"எங்க டெக்னீஷியன் பொண்ணு ஏதோ குளறுபடி பண்ணிட்டா" என்றார் டான் ஃபெர்மின், எல்லாருக்கும் கேட்கும்படி.

கூட்டத்துக்கு நடுவில் அப்பா நின்றார். மூன்று சக்கர டாக்சி ஓட்டுகிறவர், கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"மூணு பஸ் மாறி வந்தேன் மகளே. உன் மெஷினைவிட நான்தான் அதிகமா ஆடியிருக்கேன்."

டான் ஃபெர்மின் என் காதருகே குனிந்தார். "நீலம் எங்க?"

"பையில."

"போட்டுடு தாயே. நாளைக்கே உன் பேரைப் போட்டுடறேன்."

அவரை நம்பவில்லை. அப்பா பார்க்கட்டும் என்று போட்டேன். நீலங்கள் படிப்படியாக மேலேறின. கூட்டம் கைதட்டியது.

"அந்த நீலம்! என்ன துணிச்சல் உங்களுக்கு!" என்றாள் ஒருத்தி. டான் ஃபெர்மின் அடக்கமாகத் தலைகுனிந்தார்.

அப்பா பெயர்ச்சீட்டின் முன் நின்றார். அவருக்குப் படிக்க வராது. என் பட்டச் சான்றிதழை வீட்டில் மாட்டியதிலிருந்து என் பெயரின் உருவம் மட்டும் தெரியும். விரல் வைத்து மேலிருந்து கீழே தேடினார். திரும்பவும் மேலிருந்து தொடங்கினார்.

"யூடித், இதுல நீ எங்கம்மா இருக்க?"

டான் ஃபெர்மின் அவர் தோளில் கை போட்டார். "உங்க பொண்ணு நல்ல ஒத்தாசைங்க. கை சுத்தம்."

பலகைக்குப் பின்னால் போய் மோட்டாரை நிறுத்தினேன். ஆறு நீலத்தையும் பிடுங்கி அப்பாவின் கையில் திணித்தேன்.

"இதோ இருக்கேன். பிடிங்கப்பா, போலாம்."

"வேலை என்னம்மா ஆவும்?"

நான் பதில் சொல்வதற்குள் டான் ஃபெர்மின் மோட்டாரைப் போட்டுவிட்டார். நீலம் இருந்த ஆறு ஓட்டைகளும், வெறும் ஓட்டைகள், வரிசையாகப் படியேறின.

கூட்டம் முன்னைவிடப் பலமாகக் கைதட்டியது.

"இதுக்கு ஏம்மா தட்டுறாங்க?" என்றார் அப்பா, சட்டங்களை மார்போடு அணைத்தபடி.