இருபத்து மூன்று தகடுகள்

மூன்று வருடத்துக்கு முன்பு சித்தேரி மலையில் இருபத்து மூன்று வேங்கை மரங்களுக்கு எண் போட்டவன் நான்தான். ஒவ்வொன்றையும் நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி அளந்து, எண் பொறித்த சின்ன அலுமினியத் தகட்டை ஆணியடித்தேன். காடு எவ்வளவு கார்பனை உறிஞ்சி வைத்திருக்கிறது என்று செயற்கைக்கோள் வானத்திலிருந்து சொல்லிவிடும். அது சொல்வது சரியா என்று பார்க்க, தரையில் ஒருவன் நாலு மரத்தையாவது அளந்தாக வேண்டும். அந்த ஒருவன்தான் அரூரில் வாடகை வீட்டில் இருக்கும் ஒப்பந்த ஊழியன் சந்திரமோகனாகிய நான்.

அன்றைக்கு, மரங்களை ஒட்டிச் சாமை விதைத்திருந்த சின்னபொண்ணு, இந்த நம்பரெல்லாம் எதற்கு என்று கேட்டாள். எனக்கு ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். மேலே கேட்கிறார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன். பெரிய பதில்!

போன வாரம் செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் சிவப்பாக வந்தது. பச்சை போய்விட்டது என்று அர்த்தம். காரணம் எழுதி அனுப்பச் சொன்னார்கள். ஏறிப் போனேன். இருபத்து மூன்று மரமும் அடியோடு வெட்டப்பட்டிருந்தன. ஒரு அடிக்கட்டையின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன்.

சின்னபொண்ணுவின் புருஷன் வேடியப்பன் எதையும் மறைக்கவில்லை. அவன் அப்பா காலத்தில் சந்தன மரங்களுக்கு இப்படித்தான் எண் போட்டார்களாம். அடுத்த மாதமே லாரி வந்து அத்தனையையும் ஏற்றிக்கொண்டு போனதாம். எண் விழுந்த மரம் நமக்கில்லை என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மூன்று வருடம் லாரியை எதிர்பார்த்துப் பயந்து கிடந்துவிட்டு, யாரோ கொண்டுபோவதற்குப் பதில் நம் வீட்டுக் கதவுக்காவது ஆகட்டும் என்று அங்கிருந்த ஆறு குடும்பமும் சேர்ந்து கோடாலி எடுத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அது வெட்டுவதற்குப் போட்ட எண் இல்லை, வெட்டாமல் விட்டுப் பார்ப்பதற்குப் போட்டது என்றேன். தொப்பூர் கணவாயில் ஏறுகிற லாரிகள் விடும் புகையைக்கூட இந்த மரங்கள் கொஞ்சம் இழுத்துத் தங்கள் கட்டைக்குள் வைத்திருந்தன என்றேன். வேடியப்பன் தலையைக் குனிந்துகொண்டான்.

"இத அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா, நாங்க கோடாலியத் தொட்டிருப்பமாங்க?" என்றாள் சின்னபொண்ணு.

எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் வீட்டுக்குள் போய் ஒரு துணி முடிச்சைக் கொண்டுவந்து என் முன்னால் அவிழ்த்தாள். உள்ளே தகடுகள். அரசாங்கத்துச் சாமான் என்று ஒன்றைக்கூட வீசவில்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். எண்ணினேன். இருபத்து மூன்றும் இருந்தன. ஆணிகளைக்கூட நிமிர்த்தி வைத்திருந்தாள்.

ஃபோனில் அறிக்கை அனுப்பும் ஆப்பில், காரணம் கேட்கிற இடத்தில் மூன்றே கட்டங்கள்: தீ, காற்று, வெட்டு. சொல்லாமல் போனவன் குற்றம் என்று நாலாவது கட்டம் கிடையாது. காற்று என்று அழுத்தத்தான் விரல் போனது. ஆனால் அடிக்கட்டைகளின் படமும் கூடவே போக வேண்டும். பொய் என்று தெரிந்தால் என் வேலை போய்விடும். வெட்டு என்று அழுத்தினேன். வெட்டியது யார் என்று கேட்டது. வேடியப்பன் என்று எழுதினேன். வனத்துறை ஜீப் வரும், அவனைக் கூட்டிக்கொண்டு போவார்கள், வழக்கு வருடக்கணக்கில் இழுக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது.

இறங்கும்போது சின்னபொண்ணு பின்னாலேயே வந்தாள்.

"தகடு அத்தனையும் ஒப்படச்சிட்டோம்னு மறக்காம எழுதிக்கோங்க சார். நாளைக்கு எங்க மேல ஒரு சொல்லு வரக்கூடாது."

எழுதிக்கொண்டேன் என்றேன்.