பைய ஏறும் சூடு

ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் அடுப்பு வேலைக்குக் கன்னையன் பானுப்பிரியாவைப் பழக்கிக்கொண்டிருந்தான். புருசன் செத்தபின் தேவாரத்திலிருந்து மலையேறி வந்தவள். அதே வேலையைத் தனக்குச் சொல்லித் தரும்படி மகாராணி அவனிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். கட்டிய பெண்டாட்டிக்கு அவன் சொன்ன பதில், "உனக்குப் பொறுமை கெடையாது."

"பைய, தாயி. பையப் பைய ஏத்தணும். எடுத்த எடுப்புல சூட்டைக் குடுத்தா காய் வெடிச்சுச் செம்பட்டையாப் போகும். பச்சை நின்னாத்தான் போடியில வெலை."

காய்ச் சாக்கை இறக்கிவிட்டு அவன் பானுப்பிரியாவுக்குச் சொல்வதை மகாராணி சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாள். கூடுகிற எதற்கும் அவளிடம் அவன் சொல்லுகிற சொல் வேறு. வரவர உனக்கு வாய் கூடிப்போச்சு. வரவரக் கொழம்புல உப்பு ஏறுது. 'வரவர' என்று அவன் ஆரம்பித்த எந்தப் பேச்சும் நல்லதில் போய் முடிந்ததில்லை. வரவர அழகாயிட்டே வர்றே என்று எவனாவது பெண்டாட்டியிடம் சொல்வானா? சொல்லலாம். அந்தச் சொல் அதையும் தாங்கும். இவன் வாயில்தான் தாங்காது. 'பையப் பைய' அடுப்புக்கு. அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு.

சாயங்காலம் போடிமெட்டு வளைவுகளில் வேலையாட்களின் ஜீப்பு இறங்கும்போது, கூடக் காயெடுக்கிற மொக்கம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏ மகாராணி, உம் வீட்டுக்காரரு ஸ்டோருக்குள்ள பள்ளிக்கூடம் நடத்துறாராம்ல?"

"ஆமா, நீயும் போயிச் சேரு."

"எனக்கெங்க எடம்? ஒத்தப் புள்ளைக்குத்தான் நடக்குதாம்."

ஜீப்பே சிரித்தது. ராத்திரி அடுப்புக்காகக் கன்னையன் மலையிலேயே தங்கிவிடுவான். பானுப்பிரியா குடியிருக்கும் லயத்து வீடும் ஸ்டோரை ஒட்டித்தான். மகாராணி வெளியே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

மறுநாள் மத்தியானம் கன்னையன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். பானுப்பிரியா குடத்தோடு ஓடைக்கு இறங்கினாள். மகாராணி அடுப்படிக்குப் போய்க் காய்ந்த கட்டையாகப் பொறுக்கி, வாய் கொள்கிற மட்டும் திணித்தாள். காய் கெடட்டும். முதலாளி அவளை விரட்டட்டும். வேறெதையும் நினைக்கவில்லை.

பானுப்பிரியா திரும்பி வந்து, கை சுடச்சுட எரிகிற கட்டைகளை வெளியே இழுத்துப் போட்டபோது, உள்ளே தட்டுகளில் காய் பாதிக்கு மேல் வெடித்திருந்தது. அலறல் கேட்டு எல்லாரும் கூடினார்கள். சற்று நேரத்தில் முதலாளியும் வந்தார். ஒரு காயை எடுத்து நசுக்கினார்.

"யாரு பாத்த சோலி இது?"

"நான் வைக்கல மொதலாளி, நான்..." என்று தொடங்கிய பானுப்பிரியாவைக் கன்னையன் கையமர்த்தினான்.

"நாந்தான் மொதலாளி. தூக்கக் கலக்கத்துல கட்டையச் சேத்து வச்சுட்டேன்."

"இனிமே அடுப்புப் பக்கம் உன்னயப் பாக்கக் கூடாது. காட்டுக்குப் போ, காயெடு."

அவன் தலையாட்டினான். அவன் கை இன்னும் பானுப்பிரியாவுக்கு முன்னால் அப்படியே நின்றது. மகாராணி அந்தக் கையைத்தான் பார்த்தாள். தன் மேல் எத்தனையோ பழி வந்திருக்கிறது. ஒருநாளும் அந்தக் கை இப்படிக் குறுக்கே நின்றதில்லை.

"அவரு வைக்கல!" என்று கத்தினாள். "அவளும் வைக்கல. நாந்தான் வச்சேன். அவளுக்காக ஒண்ணும் இவரு பழி சொமக்க வேணாம்."



"ஏன் மதினி?" என்றாள் பானுப்பிரியா, வெந்த கையை ஊதிக்கொண்டே.

முதலாளி கன்னையனைப் பார்த்தார், மகாராணியைப் பார்த்தார். "ரெண்டு பேருமே காட்டுக்குப் போங்க. அடுப்பை இந்தப் பிள்ளையே பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியேறினார்.

கன்னையன் அவளைத் திட்டவில்லை. குனிந்து, வெடித்த காயை முறத்தில் அள்ளினான்.

"யாராச்சும் சாக்கப் பிடிங்க."

பானுப்பிரியா எட்டு வைப்பதற்குள் மகாராணி ஓடிப்போய்ச் சாக்கின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டாள்.