அண்ணன் திருத்திய வரி

கடைசி ஆண்டின் கடைசிக் கட்டுரைக்குப் பேராசிரியை கொடுத்த தலைப்பைக் கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். ‘எழுத்தில் நான் வளர்ந்த விதம்.’ மூன்று வருஷமாக எழுதிய கட்டுரைகளை எல்லாம் எடுத்து, கையெழுத்துப் படியையும் தட்டச்சுப் படியையும் ஒப்பிட்டுப் பார்த்து எழுத வேண்டும். சிவப்பு மை என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் அந்த அம்மா லேசில் யாரையும் பாராட்டமாட்டார். என்னைப் பாராட்டியிருக்கிறார். அந்தத் தலைக்கனத்தோடுதான் அலமாரியிலிருந்து பழைய நோட்டுகளை இறக்கினேன்.

என் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து கொடுத்தவன் என் அண்ணன். எனக்கு ஒன்பது வயது மூத்தவன். கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் காலையிலிருந்து சாயங்காலம் வரை மனு, விண்ணப்பம், ஆய்வேடு என்று ஊரார் எழுதியதை எல்லாம் தட்டிக்கொண்டிருப்பான். என் கையெழுத்தை அவனைத் தவிர யாராலும் படிக்க முடியாது. “கோழி கிளறின மாதிரி இருக்கு குட்டி. எழுதினியா, கீறினியா?” என்பான். அந்த அண்ணன் என்னோடு பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. காரணம் வேறு யாருமில்லை, என் வாய்தான்.

இரண்டாம் ஆண்டில் தோழி ஒருத்தியின் பிரிவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ‘துயரமெனும் பெருஞ்சுமை என் இதயத்தின் மீது ஏறி அமர்ந்தது’ என்று நான் எழுதியதை அவன் ‘அழுகை வந்தது’ என்று மாற்றியிருந்தான். தாளைப் பார்த்ததும் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நேரே கடைக்குப் போனேன். கடையில் முதலாளி இருந்தார், நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். எனக்கு யார் கண்ணில் பட்டார்கள்?

“யாரைக் கேட்டு மாத்தினே? பத்தாவதே தாண்டாதவன், நீ என் எழுத்துல கை வைக்கிறியா? தட்டுற ஆளு தட்டுறதோட நிறுத்திக்கோ!”

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. “சரி. இனிமே தொடல” என்றான். அவ்வளவுதான்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அடுத்த இரண்டு கட்டுரைகளையும் நான் எழுதியது எழுதியபடியே தட்டிக் கொடுத்தான். தாளை நீட்டுவான், வாயைத் திறக்கமாட்டான். சிவப்பு மை ஒரு வரி விடாமல் கோடு போட்டுத் தள்ளினார். அந்த அம்மாவுக்கு என் மேல் என்ன காண்டோ என்று கறுவினேன். பிறகு ரோஷம் வந்து, அகராதியும் கையுமாக உட்கார்ந்து, ஒரு வரியை நாலு விதமாக எழுதிப் பார்த்து, ஒருவழியாகப் பிழையில்லாமல் எழுதப் பழகினேன். அதற்குள் அண்ணன் ஊரின் மறுகோடியில் வேறொரு கடைக்கு மாறி, அங்கேயே அறையும் எடுத்துக்கொண்டான். நான் கல்லூரியில் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போவான்.

“என்னைப் பத்தி ஏதாவது கேட்டானாம்மா?”

“வந்தான், சாப்பிட்டான், போனான். உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும்டி” என்பாள் அம்மா.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த கதை. தெரியாதது அன்றைக்கு நோட்டில் இருந்தது.

முதல் கட்டுரைக்குத் தலைப்பு ‘என் வீட்டு மனிதர்கள்’. தட்டச்சுப் படியில் ஒரு வரிக்குக் கீழே சிவப்பு மை இரட்டைக் கோடு போட்டிருந்தார். ‘எங்கள் வீட்டில் மொழி என்னோடு தொடங்குகிறது.’ ஓரத்தில், ‘அருமை. இதுதான் உன் குரல்’ என்று எழுதியிருந்தார். அந்த வரி என்னுடையதுதான் என்று நம்பி, அந்த ஒரு குறிப்பை வைத்துக்கொண்டுதான் மூன்று வருஷமாக நான் தரையில் கால் பாவாமல் நடந்தேன். கையெழுத்து நோட்டில் அந்த வரியைத் தேடினேன். இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில், ‘எங்கள் இல்லத்திலே மொழியறிவு என்பதானது என்னிலிருந்துதான் ஆரம்பம் ஆவதாக இருந்துகொண்டிருக்கிறது’ என்று இருந்தது. கர்மம், எனக்கே படிக்கக் கூசியது.

அதற்கு முந்தைய வரியைப் பார்த்தேன். ‘என் அண்ணன் பத்தாம் வகுப்பில் இரண்டு முறையும் தேற்ச்சி பெறாதவன். எழுத்துக்கும் அவனுக்கும் உள்ள உறவு விரல் நுனியோடு சரி.’ தட்டச்சில் அந்த ஏச்சு ஒரு சொல் குறையாமல் அப்படியே இருந்தது. ‘தேற்ச்சி’ மட்டும் ‘தேர்ச்சி’ ஆகியிருந்தது.

தன்னை மட்டம் தட்டி எழுதியதை உட்கார்ந்து படித்திருக்கிறான். பிழையைத் திருத்தியிருக்கிறான். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் மொழி தெரிந்தவள் என்று நான் பீற்றிக்கொண்டதைக்கூட எனக்காக அழகாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறான். அன்றைக்குத் தாளைக் கொடுக்கும்போது, “நல்லா வந்திருக்கு குட்டி” என்று வேறு சொன்னானே! நான் பதில்கூடச் சொல்லாமல் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதேன். அம்மா பதறி ஓடி வந்தாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து கடைசிக் கட்டுரையை எழுதினேன். எது என் வரி, எது அவன் வரி என்று ஒன்றுவிடாமல் எழுதினேன். நான் கடையில் கத்தியதையும் எழுதினேன். சிவப்பு மை மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைத்துக்கொள்ளட்டும், எனக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அவன் ஒரே ஒரு தடவை என்னைக் குட்டி என்று கூப்பிட வேண்டும். கடைசிப் பக்கத்தில் அவனிடமே பேசுவதுபோல் எழுதினேன். அவன் போன பிறகு செய்துவந்ததுபோல, நிறுத்தி நிதானமாக எழுதி வேறு எந்தக் கடையிலும் கொடுத்திருக்கலாம். ஆனால் அவனே தட்டினால்தான் அவன் அதைப் படித்தே ஆகவேண்டிவரும்.

மத்தியானம் மறுகோடியில் இருந்த அவன் கடைக்குப் போனேன். கடையில் அவன் மட்டும்தான் இருந்தான். இளைத்திருந்தான், கண்ணாடி போட்டிருந்தான். தாள்களை நீட்டினேன்.

“உட்காருங்க” என்றான்.

யாரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாருமில்லை.

தட்டத் தொடங்கினான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் கட்டுரை பற்றிய பக்கம் போனது. கடையில் நான் கத்திய பக்கம் போனது. வேகம் கூடவுமில்லை, குறையவுமில்லை. கடைசிப் பக்கத்தின் நடுவில் மட்டும் விரல்கள் நின்றன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளில் ஒரு வரிக்குக் கீழே விரலை வைத்தான்.

“‘அண்ணா, என்னை மன்னிச்சிடு’ன்னு ரெண்டு தடவை வந்திருக்குங்க. அப்படியே விடவா, ஒண்ணை எடுத்துடவா?”

தெரிந்துதான் இரண்டு தடவை எழுதியிருந்தேன். “இருக்கட்டும்ணா, ரெண்டும் இருக்கட்டும்” என்றேன்.

“சரிங்க” என்று சொல்லிவிட்டு, இரண்டையும் தட்டினான்.